ஒரே பில்லில் ஒரு தொப்பியும் எட்டு டிக்கெட்டும்

ஃப்ரீமான்ட்டில் இருந்த தமிழ்க் குடும்பங்களில் மரகதம் சுட்ட ஒப்புட்டுப் போளியைச் சாப்பிடாத குடும்பம் ஒன்றுகூட இருந்திருக்காது. ஆனால் அவளுக்கு ஸ்பானிஷ் தெரியும் என்கிற விஷயம் அந்தக் குடும்பங்களில் ஒன்றுக்கும் தெரியாது. அவ்வளவு ஏன், வீட்டுக்காரர் கிட்டுசாமிக்கே 1998-ஆம் வருஷம் புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை காலை எட்டே கால் மணிக்குத்தான் தெரியவந்தது.

மரகதம் கோபிச்செட்டிபாளையத்துக்காரி. மனுஷர்களை மட்டுமல்ல, வழியில் நிற்கும் மாட்டைக்கூட "சித்தெ நகருங்க" என்று மரியாதையாகச் சொல்லும் ஊர் அது. கல்யாணமாகி அமெரிக்கா வந்து எட்டு வருஷம் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். கிரீன் கார்டு வந்த கையோடு, "இனி ஒரு நாள்கூடச் சும்மா இருக்க மாட்டேனுங்" என்று கிளம்பி, சர்க்யூட் போர்டுக்குச் சோல்டரிங் வைக்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். வேலைக்குப் போனால் இங்கிலீஷும் தானாக வந்துவிடும் என்பது கிட்டுசாமியின் யோசனை.

நீள மேஜை ஒன்று. அதைச் சுற்றி எட்டுப் பெண்கள். மரகதத்தைத் தவிர ஏழு பேரும் மெக்சிகோக்காரிகள். அந்த ஏழு பேரில் ஒருத்திக்கும் இங்கிலீஷ் வராது.

பக்கத்து நாற்காலியில் இருந்தவள் சாயோ. கையைப் பிடித்துச் சோல்டரிங் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். கை சுட்டால் என்ன கத்துவது, டப்பாவைத் தள்ளு என்று எப்படிச் சொல்வது, சூப்பர்வைசரின் நடையை எந்தப் பிராணியோடு ஒப்பிடுவது என்று ஒவ்வொன்றாக ஏறி, ஆறு மாதத்தில் மரகதம் அந்த மேஜையில் பேசுவதற்கு மூச்சு விடும் நேரத்தில்தான் மற்றவர்கள் பேச வேண்டும் என்ற நிலைமை வந்துவிட்டது. அங்கே யாரும் யாரையும் "வாங்க, போங்க" என்றதில்லை. வாடி, போடி, எருமை, மூதேவி எல்லாம் அங்கே அன்பான வார்த்தைகள். மரகதம் கற்ற ஸ்பானிஷ் மொத்தமும் அந்தச் சரக்குதான். தமிழில் மூன்று வயதுக் குழந்தையைக்கூட "சாப்டீங்களா கண்ணு" என்று கேட்கிறவள், ஸ்பானிஷில் சூப்பர்வைசரையே "டேய் மகனே, இங்க வாடா" என்று கூப்பிடுவாள். அவரும் வருவார்.

தூக்கத்தில்கூட ஸ்பானிஷில் சண்டை போட ஆரம்பித்தாள். கிட்டுசாமி இன்ஜினியர்தான், ஆனாலும் ராத்திரி இரண்டு மணிக்குப் பக்கத்தில் படுத்திருப்பவள் புரியாத பாஷையில் ஏசினால் எந்த இன்ஜினியரும் விளக்கைப் போட்டு எழுந்து உட்கார்ந்துவிடுவார். குலதெய்வத்துக்கு என்னவோ குறை வைத்துவிட்டோம் என்று ஊருக்குப் போன் போட்டு ஒரு கிடா வெட்டச் சொன்னார். கிடா போனதுதான் மிச்சம், சண்டை நிற்கவில்லை.

இப்படி மூன்று வருஷம் போனது. அந்த ஆகஸ்டில் சாயோ ஒரு நாள் சோல்டரிங் கம்பியைக் கீழே வைத்துவிட்டு, "நவம்பர்ல நான் ஊருக்குப் போறேன். அம்மாவுக்கு ஆளில்லை. திரும்ப வரமாட்டேன்" என்றாள். மற்ற ஏழு கம்பிகளும் கீழே இறங்கின. ரேடியோ மட்டும் பாடியது. அக்கார்டியன் வாசிக்கிற ஒரு மீசைக்காரரின் பாட்டு; அந்த மேஜைக்கு அவர்தான் மூன்று வருஷமாகப் பாடிக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும் ரேடியோக்காரனே சொன்னான்: மீசைக்காரர் அக்டோபர் பதினெட்டாம் தேதி சான் ஹோஸேவுக்குக் கச்சேரி பண்ண வருகிறார்.

எட்டுப் பேரும் சேர்ந்து போவது என்று அந்த நிமிஷமே முடிவாயிற்று. சாயோவுக்கு அதுதான் வழியனுப்பு.

போனில் டிக்கெட் வாங்கக் கிரெடிட் கார்டு வேண்டும். அந்த மேஜையில் யாரிடமும் இல்லை; கிட்டுசாமியோ கார்டில் கடன் வாங்குவதே பாவம் என்கிற கட்சி. கிழக்கு சான் ஹோஸேயில் பூட்ஸும் தொப்பியும் விற்கும் ஒரு கடையில் கையில் காசு கொடுத்து வாங்கலாம். செப்டம்பர் இருபத்தாறு, சனிக்கிழமை, காலை ஒன்பது மணி. அன்றைக்கோ எல்லோருக்கும் ஓவர்டைம். மரகதம் மட்டும் புரட்டாசிச் சனிக்கிழமைகளுக்கு முன்னாலேயே லீவு சொல்லி வைத்திருந்தாள்.

"அப்ப நான் வாங்கிட்டு வரேன்டி" என்றாள் மரகதம்.

மேஜையில் மூத்தவள் சொகொர்ரோ. எதையும் மூன்று தரம் திருப்பிப் பார்த்துத்தான் நம்புவாள். "நீ நம்ம பேச்சுப் பேசறே, சரி. அந்தக் கடை வாசல்ல நிக்கிற கூட்டத்தைப் பாத்திருக்கியா? ஆளுக்கு ஒரு மூலையில சீட்டு வாங்கிட்டு வந்து நிப்பே. தனித்தனியா கேக்கறதுக்கு ரேடியோ போதுமே எங்களுக்கு. எட்டும் ஒரே வரிசையில, பக்கத்துப் பக்கத்துல இருக்கணும். உன்னால ஆகுமா?"

"எட்டும் ஒரே வரிசை. இல்லேன்னா திங்கக்கிழமை என் மூஞ்சில முழிக்காதீங்க."

ஏழு பேரின் காசும் ஒரு கவரில் போட்டு அவள் கைக்கு வந்தது. சொகொர்ரோ கவரைக் கடைசி வரை பிடித்துக்கொண்டிருந்து, பிறகுதான் விட்டாள்.

அன்று வீட்டுக்கு வந்து, ஊரிலிருந்து தபாலில் வந்த தினசரிக் காலண்டரைப் புரட்டினாள் மரகதம். புரட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள். சனிக்கிழமை ராகு காலம் ஒன்பதிலிருந்து பத்தரை.

ராகு காலத்தில் அந்த வீட்டுக்குள் வந்த சாமான்களின் சரித்திரம் தனி. ராகு காலத்தில் வாங்கிய வேக்வம் கிளீனர் குப்பையை உறிஞ்சாமல் ஊதியது. ராகு காலத்தில் வாங்கிய பழைய கார் வலப்பக்கம் திரும்ப மறுத்தது. ஒரு மாதம் கிட்டுசாமி இடப்பக்கமாகவே சுற்றிச் சுற்றி ஆபீஸ் போய்ச் சேர்ந்தார். ராகு காலத்தில் வாங்கிய சோபாவிலிருந்து மூன்றாம் நாள் ஒரு அணில் தன் சம்சாரத்தோடு இறங்கிப் போனது. இத்தனைக்கும் பிறகு எட்டுப் பேரின் ஆசையைக் கொண்டுபோய் ராகுவின் வாயில் போடுவாளா மரகதம்?

கிட்டுசாமி சிரித்தார். "ஏம்புள்ள, அது கோபி ராகு காலம். அங்க காலைல ஒம்பதுன்னா இங்க முந்தின நாள் ராத்திரி எட்டரை. அது முடிஞ்சு ராகு தூங்கியிருப்பான்."

"சூரியன் எந்த ஊர்ல உதிக்குதோ அந்த ஊருக்குத்தானுங்க கணக்கு."

"அப்படி வா வழிக்கு. சூரியன் கணக்குன்னா இங்க டேலைட் சேவிங். இப்ப உதிக்கறதே ஏழு மணிக்கு. அப்ப உன் ராகு காலம் பத்துலருந்து பதினொண்ணரை. ஒம்பதுக்கு நீ ஜம்முனு வாங்கலாம். வேணும்னா கோயிலுக்குப் போன் பண்ணிக் கேளு."

கேட்டாள். லிவர்மோர் கோயில் குருக்களும் பஞ்சாங்கத்தைப் பார்த்து அதையேதான் சொன்னார். கிட்டுசாமிக்குப் பெருமை தாங்கவில்லை. மரகதம் போனை வைத்துவிட்டுக் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாமி சொல்றது பத்துலருந்து பதினொண்ணரைங். காலண்டர்ல அச்சடிச்சிருக்கறது ஒம்பதுலருந்து பத்தரைங். இதுல எது நெசமோ ராகுவுக்குத்தான் தெரியும். ரெண்டையும் விட்டுடறதுதான் நல்லதுங்."

"ரெண்டையும் விட்டா பதினொண்ணரை ஆயிரும். டிக்கெட் என்ன, டிக்கெட் ஒட்டியிருந்த பசைகூட இருக்காது."

"அதனாலதானுங் ஒம்பதுக்கு முன்னாடியே வாங்கப் போறேன்."

"கடையே ஒம்பதுக்குத்தான் தெறப்பான்!"

"அவன் தெறக்கறது அவன் பாடு. நான் ஆரம்பிக்கறது என்ற பாடு. நல்ல நேரத்துல கை வெச்சு ஆரம்பிச்சுட்டா அப்புறமேலு ராகு வந்தாலும் கேது வந்தாலும் அது பழைய வேலைங். புது வேலை இல்லீங்."

"பாஷை தெரியாத எடத்துல நீ தனியா என்ன பண்ணுவே, நானும் வரேன்" என்று மட்டும் சொன்னார் கிட்டுசாமி. "சரிங்" என்று காலண்டரைப் பழையபடி மாட்டினாள் மரகதம்; பாஷையைப் பற்றி அவர் கேட்டதுமில்லை, அவள் சொன்னதுமில்லை.

சனிக்கிழமை ஐந்தரைக்கே வேனை நிறுத்திவிட்டு வரிசையில் நின்றார்கள். மூன்றாவது இடம். ஏழு மணிக்கு வரிசை தெருமுனையைத் தாண்டியது. எட்டு மணிக்கு அதன் வால் ஃப்ரீவேயில் ஏறி ஹாரன் அடிக்காத குறை. எட்டே காலுக்குக் கடைக்காரர் எலெயுத்தேரியோ வந்தார். ஆறடி உயரம், பெல்ட்டில் சோற்றுத் தட்டு அகலத்துக்கு வெள்ளிக் கொக்கி. பக்கவாட்டுக் கதவில் அவர் சாவியை நுழைத்தாரோ இல்லையோ, வரிசையிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. அது ஸ்பானிஷ்தான். தமிழில் வைத்தால் இப்படி வரும்:

"ஓயே! டேய் மகனே! இங்க வாடா!"

எலெயுத்தேரியோ திரும்பிப் பார்த்தார். அதைவிட வேகமாகக் கிட்டுசாமி திரும்பினார்.

"கத்தாதே அம்மா. ஒன்பதுக்குத்தான் டிக்கெட்."

"எனக்கு டிக்கெட்டு ஒன்பதுக்கே கொடு. இப்ப இந்த ஒரு டாலரை மட்டும் வாங்கிக் கல்லாவுல போடு. மிச்சம் அப்புறம்."

"எதுக்கு?"

"ஒன்பதுக்கு மேலே கெட்ட நேரம்டா. எங்க சாஸ்திரம். ஒன்பதுல ஒண்ணு, பத்துல ஒண்ணு, ரெண்டு கெட்ட நேரம். அதுல எதையும் புதுசா ஆரம்பிக்கக் கூடாது."

பின்னாலிருந்து ஒரு தொப்பிக்காரன் கத்தினான். "முந்திக்கப் பாக்கறா! விடாதே!"

"நான் மூணாவது ஆளா நிக்கறேன்டா எருமை! முந்தணும்னா உன்னையா முந்துவேன்? நீ நிக்கற எடத்துக்கு அடுத்த மாசம்தான் டிக்கெட் வரும்!"

வரிசை சிரித்தது. வரிசையில் நின்ற செனோபியா என்கிற கிழவி, "அவ சொல்றது தப்பில்லை. செவ்வாய்க்கிழமை கல்யாணத் துணியில கத்திரி வைக்க எங்கம்மா விட்டதே இல்லை" என்றாள். உடனே ஆளுக்கொரு கெட்ட நாளைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

எலெயுத்தேரியோ இரண்டு கைகளையும் தூக்கினார். "கெட்ட நேரம் எல்லாருக்கும் உண்டு. ஆனா ஒன்பதுக்கு முன்னாடி டிக்கெட்டுக்காக ஒரு காசு வாங்கினாலும் இந்த வரிசை என் கடையைப் பேத்து எடுத்துட்டுப் போயிடும். ஆகாது."

மரகதம் அவரைப் பார்த்தாள். பிறகு கண்ணாடிக்குள்ளே பார்த்தாள். அங்கே சுவர் முழுக்கத் தொப்பிகள்.

"டிக்கெட் விக்க மாட்டே. தொப்பி?"

"தொப்பியை நடுராத்திரியில கேட்டாலும் விப்பேன்."

"அப்ப கதவைத் தெற. ஒரு தொப்பி வாங்கறேன். பில்லுல அதை எழுதிட்டு, கீழே கோடு போடாம வை. என் முறை வரும்போது அதே பில்லுல, தொப்பிக்குக் கீழே, டிக்கெட்டை எழுது. உனக்கும் ஒன்பதுக்கு முன்னாடி டிக்கெட் வித்த பாவம் இல்லை, எனக்கும் கெட்ட நேரத்துல ஆரம்பிச்ச பாவம் இல்லை."

எலெயுத்தேரியோ யோசித்தார். மீசை ஒரு பக்கம் ஏறியது. "முப்பது வருஷமா தொப்பி விக்கறேன். இப்படி ஒரு காரணத்துக்கு ஒருத்தரும் வாங்கினதில்லை. வா. ஆனா வரிசையில உன் எடத்துக்கு நான் பொறுப்பில்லை."

கிட்டுசாமி அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். "ஏம்புள்ள... இது என்ன பாஷை?"

"ஸ்பானிஷ்ங்."

"உனக்கா?"

"அப்புறம் சொல்றேனுங். சித்தெ குனியுங்க." அவர் தலையைச் சாணால் அளந்துகொண்டாள். "இங்கயே நில்லுங்க. யாரையும் முன்னாடி விட்டுராதீங்க. நம்ம எடம் மூணு."

உள்ளே போய் முதலில் கண்ணில் பட்ட தொப்பியை எடுத்துக்கொண்டு வந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். ஆனால் பேரம் பேசாமல் மரகதம் பெருங்காயம்கூட வாங்கியதில்லை. பதினான்கு தொப்பிகளை இறக்க வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நொட்டை சொன்னாள். இது கூடை, இது சட்டி, இதை என் வீட்டுக்காரர் போட்டால் காற்றில் பறந்து போய்விடுவார். எலெயுத்தேரியோ தன் அம்மாவைச் சாட்சிக்கு இழுத்தார். மரகதம் அவர் பேரப்பிள்ளைகளை இழுத்தாள். கடைசியில் வெள்ளையில் அகல விளிம்பு வைத்த ஒன்று படிந்தது. எட்டு ஐம்பத்திரண்டுக்குப் பில்லில் முதல் வரி ஏறியது. கீழே கோடு இல்லை. வெற்றியோடு வெளியே வந்தாள்.

மூன்றாவது இடத்தில் ஒரு கர்ப்பிணி நின்றுகொண்டிருந்தாள். நான்கில் கிழவி செனோபியா, ஐந்தில் அவள் தங்கை. அதற்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம், கைத்தடியோடு ஒரு பெரியவர், இன்னும் யார் யாரோ. பத்தொன்பதாவது ஆளாகக் கிட்டுசாமி. அப்போதும் யாரோ ஒருவருக்கு வழிவிட்டு, கையை முன்னால் நீட்டி, "நீங்க போங்க, பரவால்லீங்க" என்று தமிழில் உபசரித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க!"

"வயசானவங்க புள்ள. கால் வலின்னாங்க."

"கால் வலின்னு உங்களுக்கு எப்படிங்க புரிஞ்சுது?"

"முழங்காலைத் தொட்டுக் காட்டினாங்க. எப்படி முடியாதுங்கறது?"

மரகதம் தொப்பியை அவர் தலையில் ஒரு அழுத்து அழுத்தினாள். மூக்கு வரை இறங்கியது. மூன்றாவது இடத்துக்குப் போய்த் திரும்ப நிற்கலாமா என்று ஒரு நொடி யோசித்தாள். கர்ப்பிணியைத் தள்ளிவிட்டு வாங்கிய டிக்கெட்டில் சாயோ எப்படிச் சந்தோஷமாக உட்காருவாள்? பத்தொன்பதிலேயே நின்றாள்.

முறை வரும்போது மணி ஒன்பது நாற்பது. காலண்டர் ராகு உச்சத்தில் இருந்தான். மரகதம் அசையவில்லை, அவளுடையது பழைய வேலை. எலெயுத்தேரியோ பாதி எழுதிய பில்லை எடுத்து வைத்துவிட்டு, நாற்காலிகள் கட்டம் கட்டிய தாளை அவள் பக்கம் திருப்பினார். விற்ற கட்டங்களில் எல்லாம் சிவப்புப் பெருக்கல் குறி.

"எட்டு சேர்ந்தாப்புல கேக்கறே. இல்லையே. அஞ்சாவது வரிசையில நாலு, நடுவுல ரெண்டு போயிடுச்சு, அதுக்கு அந்தப் பக்கம் நாலு. எட்டு இருக்கு, ஆனா ரெண்டு துண்டா. எடுத்துக்கோ."

எடுத்துக்கொண்டிருக்கலாம். ஒரே வரிசைதானே என்று சாதிக்கவும் இடமிருந்தது. ஆனால் பக்கத்துப் பக்கத்தில் என்றல்லவா வாக்குக் கொடுத்திருந்தாள்! நடுவில் இரண்டு பேர் உட்கார்ந்தால் சாயோவுக்கு அந்தப் பக்கத்து நாலு பேர் யாரோதான்.

"நடுவுல வாங்கின ரெண்டு யாரு?"

எலெயுத்தேரியோ முகவாயால் காட்டினார். பெல்ட்டுகள் தொங்கும் மூலையில் செனோபியாவும் தங்கையும் நின்றிருந்தார்கள்.

"இந்தத் தாளை அப்படியே வைடா. யாருக்கும் கொடுத்தே, தொலைஞ்சே" என்று சொல்லிவிட்டு மரகதம் அங்கே போனாள்.

"பாட்டி, நடு சீட்டை விட்டு ஓரத்துக்கு வா. நாலு எடம் நகர்ந்தா எங்க எட்டும் ஒண்ணாயிடும்."

"நான் எதுக்கு நகரணும்? நடுவுல உக்காந்தாத்தான் அவன் மீசை நேரா தெரியும். இருபது வருஷமா ரேடியோவுலயே கேட்டவ நான்."

"நாங்க மூணு வருஷமா ஒரே மேஜையில உக்காந்து கேட்டோம். அதுல ஒருத்தி நவம்பர்ல ஊருக்குப் போறா. திரும்ப வரமாட்டா. எட்டுப் பேரும் அவளைச் சுத்தி உக்காரணும். நடுவுல நீ உக்காந்திருந்தா உன் தலைக்கு மேலே நாங்க பேசுவோம். சும்மா பேச மாட்டோம், கத்துவோம். கச்சேரியே உனக்குக் கேக்காது, சொல்லிட்டேன்."

"மிரட்டறியா?"

"கெஞ்சறேன். எனக்குக் கெஞ்ச வேற மாதிரி கத்துக்கொடுக்கலை."

செனோபியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் பிடி விடவில்லை. மரகதத்தின் பின்னால் எட்டிப் பார்த்தாள். அங்கே அகல விளிம்பு வெள்ளைத் தொப்பியில் மூக்கு மட்டும் தெரிய ஒரு மனிதர் நின்றார்.

"அந்த வழிவிட்ட ஆளு உன் புருஷனா?"

"ஆமாம். பதினாறு பேருக்கு வழிவிட்டான்."

"நான் பெத்த மூணு தடியனும் எனக்குக் கதவைக்கூடத் தெறந்து விட்டதில்லை." கிழவி முழங்காலைத் தடவிக்கொண்டாள். "சரி, ஓரத்துக்குப் போறேன். ஆனா கச்சேரி அன்னிக்கு என்னையும் என் தங்கச்சியையும் வீட்டுலருந்து அவன்தான் வண்டியில கூட்டிட்டுப் போகணும். திரும்பவும் கொண்டுவந்து விடணும்."

"அவன் சந்தோஷமா வருவான்" என்று கிட்டுசாமியைக் கேட்காமலேயே வாக்குக் கொடுத்தாள் மரகதம்.

தாளில் இரண்டு சிவப்புக் குறிகளை அடித்து ஓரத்தில் இரண்டு புதிதாகப் போட்டார் எலெயுத்தேரியோ. பிறகு பில்லை இழுத்து, தொப்பிக்குக் கீழே, "பொலேத்தோ, எட்டு" என்று டிக்கெட்டையும் எழுதி, அதற்கும் கீழே அழுத்தமாக ஒரு கோடு போட்டார்.

"என்ன ஆச்சு புள்ள?" என்றார் கிட்டுசாமி.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுங். பதினெட்டாந்தேதி சாயந்தரம் உங்களுக்குக் கொஞ்சம் ட்ரைவ் பண்ற வேலை இருக்குதுங்."

கிட்டுசாமி வண்டியை ஃப்ரீவேயில் ஏற்றினார். அப்புறம் மெதுவாக, "தூக்கத்துல பேசறதும் இதுதானா?" என்றார். "ஆமாங்" என்றாள். கிட்டுசாமி ஒரு பெருமூச்சு விட்டார். பாவம், அந்தக் கிடாவை நினைத்திருப்பார்.

திங்கட்கிழமை சொகொர்ரோ எட்டு டிக்கெட்டுகளையும் வாங்கி, சோல்டரிங் மேஜையின் மேல் சீட்டு விளையாடுகிறவள் போல வரிசையாகப் பரப்பினாள். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்களை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, மறுபடி அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை. எண் எங்கேயும் விட்டுப்போகவில்லை.

சொகொர்ரோ டிக்கெட்டுகளை அடுக்கிக் கவரில் போட்டாள். ஆளுக்கொன்றாகக் கொடுக்கப் போகிறாள் என்று ஆறு கைகள் நீண்டன. அவள் கவரை மரகதத்திடம் நீட்டினாள்.

"பதினெட்டாம் தேதி வரைக்கும் உன்கிட்டயே இருக்கட்டும். இவளுங்க கிட்ட கொடுத்தா துணியோட சேத்துத் துவைச்சுருவாளுங்க."

பதினெட்டாம் தேதி சாயங்காலம் ஏழு பேர் உட்காரும் வேனில் பதினோரு பேர் எப்படிப் போனார்கள் என்பதைக் கிட்டுசாமியைத்தான் கேட்க வேண்டும். ஐந்தாவது வரிசையில் சாயோவை நடுவில் போட்டு இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் நான்கு பேர் உட்கார்ந்தார்கள். விளக்கு அணைவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் சாயோ முன்பக்கம் சாய்ந்து, இரண்டு பக்கமும் திரும்பி, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனாள். கோடி வரை பார்த்து முடித்ததும் சாய்ந்து உட்கார்ந்து, இடப்பக்கத்தில் இருந்த மரகதத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். மேடையில் அக்கார்டியன் மூச்சு இழுத்தது.